எதை இறக்க?

பாபநாசம் என்று பேர் வைத்தது அவருடைய அப்பா. பிள்ளை வேண்டும் என்று பாபநாசத்து ஆற்றில் முங்கி எழுந்து, தாமிரபரணியிடம் கேட்டு வாங்கிய பிள்ளை என்பதால் அந்தப் பேர். பிள்ளை வளர்ந்து, பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் இயற்பியல் பேராசிரியராகி, தலையும் நரைத்த பிறகு தன் பேரைப் பற்றி அவரே ஒரு முடிவுக்கு வந்திருந்தார். பாபம் ஆற்றோடு போய்விட்டது. நாசம் மட்டும் தன்னோடு தங்கிவிட்டது. கை வைத்த காரியம் ஒவ்வொன்றும் அதற்குச் சாட்சி.

அவருக்குக் கேட்கத் தெரியாது. காது நன்றாகக் கேட்கும், வாய்தான் கேட்காது. கல்லூரியில் சேரப் போன அன்று வணிகவியலுக்கு மனுக் கொடுக்க ஒரு வரிசையில் போய் நின்றார். பாதி தூரம் நகர்ந்த பிறகு சந்தேகம் வந்தது. முன்னால் நின்றவனிடம் இது எதற்கு நிற்கிற வரிசை என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கூச்சம். ஜன்னலுக்குப் போனதும் உள்ளே இருந்தவர் “பிசிக்ஸா?” என்றார். இல்லை என்று சொல்ல அதைவிடக் கூச்சம். தலையை ஆட்டினார். அந்தத் தலையாட்டல்தான் இன்றுவரைக்கும் சோறு போடுகிறது.

கல்யாணமான புதிதில் மனைவி சண்முகசுந்தரி, அவள் அண்ணன்மார் விருந்துக்கு வருகிற அன்று, சொதிக்கு இரண்டு பால் எடுக்க வேண்டும், வரும்போது வாங்கி வந்துவிடுங்கள் என்று போனில் சொன்னாள். திருநெல்வேலியில் பிறந்தவனுக்குச் சொதிப் பால் என்றால் தேங்காய்ப் பால், முதல் பால், இரண்டாம் பால் என்று தெரியாமல் இருக்குமா? தெரியும். ஆனாலும் கடைக்கு முன்னால் நின்றபோது, தேங்காயைத்தான் சொன்னாளா, இல்லை பாக்கெட்டைச் சொன்னாளா என்று ஒரு குழப்பம். திரும்பக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். இரண்டு பாக்கெட் பசும்பால் வாங்கிக்கொண்டு போய்விட்டார். அன்றைக்கு மச்சான்மார் சாம்பாரைத் தின்றுவிட்டு, ஒன்றும் சொல்லாமல், அதனாலேயே நிறையச் சொல்லிவிட்டுப் போனார்கள். “வாயைத் தொறந்தா முத்து உதிர்ந்துருமோ?” என்று அன்று ஆரம்பித்த சண்முகசுந்தரி இன்னும் நிறுத்தவில்லை.

ஊரில் இந்தக் குணத்துக்கு அழுத்தக்காரன் என்று பேர். மனசுக்குள் ஏதோ வைத்துக்கொண்டு வெளியே விடாதவன் என்று அர்த்தம். பாபநாசத்தின் மனசுக்குள் ஒன்றும் இருக்காது என்பது அவருக்கு மட்டும் தெரிந்த ரகசியம். துறைக் கூட்டங்களில் எல்லாரும் பேசி ஓயும்வரைக்கும் அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு இருப்பார். நிறைகுடம் தளும்பாது என்று பேசிக்கொள்வார்கள். காலிக் குடமும்தான் தளும்பாது என்று அவர் நினைத்துக்கொள்வார். ஆனால் அதையும் வெளியே சொன்னதில்லை.

அழுத்தக்காரன் கடைசியில் அழுத்தத்தையே ஆராய்ச்சியாக எடுத்தார். அதைத் தேடி எடுத்தார் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அவருடைய வழிகாட்டி சொன்ன தலைப்பு புரியவில்லை, கேட்கவும் இல்லை, அவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சி இது. சில படிகங்களுக்குள் அணு ஒவ்வொன்றும் ஒரு குட்டிக் காந்த முள். நல்ல குளிரில் ஒன்று மேலே பார்த்தால் பக்கத்தது கீழே பார்க்கும், அதற்கு அடுத்தது மேலே, இப்படி வரிசை கட்டி நிற்கும். சூடேற்றினால் வரிசை கலையும். ஐஸ் உருகுவது போலத்தான், அதில் அதிசயமில்லை. அதிசயம் வேறு. இதற்கு மேல் குளிர்விக்க இடமில்லாத அடிமட்டக் குளிரில் வைத்துக்கொண்டு படிகத்தை நாலு பக்கமும் அமுக்க வேண்டும். ஓர் அளவு வரைக்கும் வரிசை நிற்கும். அந்த அளவைத் தாண்டினால், சூடு என்ற பேச்சே இல்லாமல், அணுக்களுக்குள் ஓயாமல் இருக்கும் குவாண்டம் நடுக்கமே வரிசையைக் கலைத்துவிடும். குவாண்டம் நிலைமாற்றம் என்று அதைச் சொல்லுகிறார்கள்.

மனைவிக்கு அவர் அதை டவுன் பஸ்ஸை வைத்துச் சொன்னார். பஸ்ஸில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம். பிள்ளைகள் ஆட்டம் போட்டு அந்த வரிசை கலைந்தால் அது சூடு. ஒருத்தரும் ஆடாமல், உள்ள போங்க உள்ள போங்க என்று கண்டக்டர் ஏற்றிக்கொண்டே இருந்ததால் மட்டும் கலைந்தால் அது அழுத்தம். சண்முகசுந்தரி யோசித்தாள்.

“நானும் இத்தன வருசமா அமுக்கிக்கிட்டுத்தானே இருக்கேன். உங்ககிட்ட ஒரு மாற்றத்தையும் காணமே,” என்றாள்.

அவரிடம் ஆராய்ச்சிக்குச் சேர்ந்தவள் ஃபெமினா. உவரிப் பக்கம் கடற்கரைக்காரி. அப்பா அருளப்பன் கடலுக்குப் போகிறவர். படிகம் வளர்ப்பதில் அவளுக்கு இருந்த பொறுமை பாபநாசத்துக்கு வியப்பாக இருக்கும். உலையில் உருக்கி, பைய பைய ஆறவிட்டு, வெடித்ததையும் அழுக்கானதையும் தள்ளிவிட்டு மறுபடி ஆரம்பிப்பாள். அப்படிக் கிடைத்த நல்ல படிகம் ஒன்றே ஒன்று. ஒரு மிளகுப் பருமன்கூட இல்லை. அதன் மேல் முடி மாதிரிக் கம்பிகளை ஒட்டி, மின்தடையை அளந்தாள். குளிரக் குளிர இறங்கி வந்த கோடு ஓரிடத்தில் பளிச்சென்று மடிந்தது. மடிப்பு இருந்தால் உள்ளே வரிசை இருக்கிறது என்று அர்த்தம். இனி அமுக்கிப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி. அவளுடைய உதவித்தொகை அந்த வருஷத்தோடு முடிகிறது. பெங்களூரில் ஒரு குளிர் ஆய்வகம் சில நாள் இடம் கொடுத்திருந்தது. மறுபடி கேட்டால் அடுத்த வருஷம்தான் கிடைக்கும். படிகம் போனால் பட்டம் போச்சு. அது அவளுக்கும் தெரியும், பாபநாசத்துக்கும் தெரியும்.

அமுக்குகிற கலம் பேட்டையில் செய்தது. கைக்குள் அடங்கும் கனத்த உலோகக் குழாய். நடுவில் எண்ணெயும் படிகமும். மேலே இருந்து ஒரு தண்டு இறங்கி அமுக்கும். வேண்டிய அளவு வந்ததும் நட்டை இறுக்கிவிட்டால் அழுத்தம் உள்ளேயே நிற்கும். பார்க்க இஞ்சி தட்டுகிற சின்ன உரல் மாதிரி இருந்ததால் பாபநாசம் வீட்டில் அதற்கு உரல் என்றே பேர். அதைக் கடைந்து கொடுத்தவர் பேட்டையில் பட்டறை வைத்திருக்கும் நடராஜ் அண்ணாச்சி. அந்தத் தண்டை அமுக்க, கல்லூரியில் இருக்கும் கைப் பிரஸும் அவர் செய்ததுதான். மாதக்கணக்கில் பாபநாசம் அந்தப் பட்டறையில் போய் நின்றார். அங்கே பெரிய பிரஸ் ஓடும்போது அண்ணாச்சி, “லே, இறக்கு. இன்னும் இறக்கு. பைய,” என்று சொல்லிக்கொண்டே இருப்பார். இறக்கு என்றால் தண்டை இறக்கு. அதாவது அமுக்கு. பாபநாசம் வாழ்க்கையில் யாரிடமும் கேட்காமலே கற்றுக்கொண்ட ஒரே தொழில் பாஷை அதுதான். அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

பெங்களூருக்குக் கிளம்புகிற அன்று காலையில், கல்லூரியிலேயே முதல் அழுத்தத்தைக் கொடுத்து நட்டை இறுக்கிவிட்டுப் போகலாம் என்று திட்டம். அங்கே போய் நேரம் வீணாகாது. முதல் தடவை என்பதால் கொஞ்சமாக அமுக்கினால் போதும். அழுத்தம் காட்டும் மீட்டரில் பேனாவால் ஒரு கோடு போட்டிருந்தார்கள். பாபநாசம் பிரஸ்ஸின் கைப்பிடியை அடித்தார். ஃபெமினா முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முள் கோட்டைத் தொட்டு, ஒரு நூல் தாண்டியது.

“இறக்குங்க சார்,” என்றாள்.

பாபநாசம் இறக்கினார். பேட்டை முறைப்படி, தண்டை இறக்கினார். ஓங்கி இரண்டு அடி. முள் துள்ளிக்கொண்டு போய் மீட்டரின் மறுபக்கத்தில் நின்றது. உரலுக்குள் இருந்து கிரீச் என்று ஒரு சத்தம்.

அந்தச் சத்தத்தில் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. இந்தப் பிள்ளை குறைக்கச் சொல்லியிருக்கிறது. நான் கூட்டிவிட்டேன். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றார். பயத்தில் உறைந்து போன முகமும் நிதானமான முகமும் அவருக்கு ஒன்றுபோலவே இருக்கும், அது பிறவிக் கோளாறு. ஃபெமினா அவர் முகத்தைப் பார்த்தாள், முள்ளைப் பார்த்தாள், மறுபடி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஸ்பானரை எடுத்து நட்டை இறுக்கினாள். கம்பிகளைச் சோதித்தாள். ஒன்றும் அறுந்திருக்கவில்லை.

“ரொம்பத் தைரியம் சார் உங்களுக்கு,” என்றாள்.

ஊமை ஊரைக் கெடுக்கும் என்பது சும்மா சொன்னதில்லை. அந்த நிமிஷத்தில், அம்மா, கை தவறிப் போச்சு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? சொல்லவில்லை. தலையை ஆட்டினார். பழைய தலையாட்டல்.

ரயிலில் ஃபெமினா மடியில் துணிப்பையோடு உரலை வைத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கினாள். வீட்டில் கட்டிக் கொடுத்த மீனும் சோறும் சாப்பிட்டாள். சார் ஒரே தாண்டாக அந்த அளவைத் தாண்டப் பார்க்கிறார் என்று போனில் அப்பாவிடம் பெருமை சொன்னாள். சண்முகசுந்தரி மகிழ்ந்து கட்டிக் கொடுத்த புளியோதரை பாபநாசத்துக்குத் தொண்டையில் இறங்கவில்லை. இறக்கு, இறங்கு என்ற வார்த்தையே அவருக்கு ஆகாமல் போயிருந்தது. பெங்களூர் மெட்ரோ வாசலில் காவலர் உரலை எடுத்து, இது என்ன என்று கேட்டபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. பாதி இந்தியிலும் பாதி ஆங்கிலத்திலும் ஃபெமினாதான் விளக்கினாள். காவலர் பாபநாசத்தைச் சந்தேகத்தோடு பார்த்தார். அவர் பார்த்ததில் தப்பில்லை என்று பாபநாசத்துக்கே பட்டது.

ஆய்வகத்தில் உரலைக் குளிரில் இறக்கினார்கள். திரையில் புள்ளி புள்ளியாகக் கோடு வந்தது. மடிப்பு வர வேண்டிய இடம் வந்தது. கோடு மடியவில்லை. வழுவழுவென்று அப்படியே இறங்கி, அடிமட்டக் குளிர் வரைக்கும் போனது.

“போயிருச்சு சார்,” என்றாள் ஃபெமினா. குரல் நடுங்கியது. சந்தோஷத்தில் நடுங்கியது. வரிசை போய்விட்டது, அமுக்கியே கலைத்துவிட்டோம், குவாண்டம் நிலைமாற்றத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வந்துவிட்டோம் என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஆய்வகத்துக்காரரிடம் சொல்ல எழுந்தாள்.

பாபநாசம் எழவில்லை. அவள் சொல்வது சரியாகவும் இருக்கலாம். ஆனால் அந்த இரண்டு அடியில் படிகம் நொறுங்கி, சீரழிந்து போயிருந்தாலும் மடிப்பு காணாமல்தான் போகும். செத்ததும் தூங்குவதும் திரையில் ஒரே மாதிரித்தான் தெரியும். இவள் போய்க் கண்டுபிடித்துவிட்டேன் என்று சொல்லி, நாளைக்கு அது நொறுங்கின கல் என்று தெரிந்தால், பட்டத்தோடு மானமும் போகும். அவளுடைய மானம். தலையாட்டினவருடையது இல்லை.

நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். வாழ்க்கையில் முதல் தடவையாக, தொண்டை வரைக்கும் வந்த கேள்வியை விழுங்காமல் வெளியே விட்டார்.

“ஃபெமினா, அன்னைக்கு இறக்குங்கன்னு சொன்னியே. எதை இறக்கச் சொன்ன?”

அவள் திரும்பிப் பார்த்தாள். கேள்வி புரியவில்லை.

“அழுத்தத்தைத்தான் சார். காத்து மிஞ்சினா படகுல பாயை இறக்கதுதானே? எங்கப்பா அப்படித்தான் சொல்லும்.”

“நான் தண்டை இறக்கிட்டேம்மா. பேட்டையில இறக்குன்னா அமுக்குன்னு அர்த்தம்.”

அவள் மெல்ல உட்கார்ந்தாள். திரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் முன்னால் இருந்த அதே கோடுதான். அதைப் பார்த்த முகம் வேறாகிவிட்டது.

“நீங்க தெரிஞ்சுதான் செய்யுதியன்னு நெனச்சேன் சார். நீங்க ஒண்ணும் சொல்லல. அதனால தெரிஞ்சுதான் செய்யுதியன்னு நெனச்சேன்.”

இதைவிட அவள் திட்டியிருக்கலாம் என்று அவருக்குத் தோன்றியது. இத்தனை வருஷம் துறைக் கூட்டத்தில் விட்டத்தைப் பார்த்துச் சம்பாதித்த மரியாதை மொத்தமும் இந்தப் பிள்ளையின் படிகத்தின் மேல் போய் விழுந்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயமாக இருந்தது.

ஃபெமினா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். செத்ததா தூங்குதா என்று பார்க்க ஒரே வழிதான். அழுத்தத்தைக் குறைத்து, மறுபடி குளிரில் வைக்க வேண்டும். மடிப்பு திரும்பி வந்தால் படிகம் உயிரோடு இருக்கிறது, வரிசையை அழுத்தம்தான் கலைத்தது. வராவிட்டால் எல்லாம் முடிந்தது. உரலை வெளியே எடுத்து, அந்த ஆய்வகத்துப் பிரஸ்ஸில் வைத்தார்கள். அதிலும் தண்டு மேலிருந்துதான் இறங்கும். அதில் இன்னொரு சங்கடம். இறுக்கின நட்டு இளக வேண்டுமானால், முதலில், ஏற்கெனவே இருக்கிறதைவிட ஒரு துளி அதிகமாக அமுக்க வேண்டும். பிறகுதான் குறைக்க முடியும். அந்த ஒரு துளி இரண்டு துளியானால், இத்தனை அடியைத் தாங்கின படிகமும் தாங்காது.

“இறக்கிருவோம் சார்,” என்றாள்.

பாபநாசம் கைப்பிடியைத் தொடவில்லை.

“எதை?” என்றார்.

ஃபெமினா அவரைத் தள்ளி நிற்கச் சொன்னாள். தானே கைப்பிடியைப் பிடித்தாள்.

“மொதல்ல தண்டை. நட்டு இளகின பெறகு அழுத்தத்தை. ரெண்டையும் நானே செய்யுதேன். நீங்க முள்ளைப் பாத்து, வாயைத் தொறந்து சொன்னாப் போதும்.”

பாபநாசம் சொன்னார். தண்டை இறக்கு. பைய. இன்னும் பைய. நிறுத்து. நட்டைத் திருப்பு. இளகிட்டா? இப்ப அழுத்தத்தை இறக்கு, தண்டை இல்ல, அழுத்தத்தை. ஒவ்வொன்றையும் பேர் சொல்லி, இரண்டு தடவை சொன்னார். ஆய்வகத்துக்காரர் கன்னடக்காரர். இந்த மனுஷர் வந்ததில் இருந்து பேசினதைப் பார்த்திராதவர், ஏதோ சண்டை என்று எட்டிப் பார்த்தார். பாபநாசம் நிறுத்தவில்லை. தண்ணீர் திறந்துவிட்ட வாய்க்கால் மாதிரிப் பேசினார்.

மறுநாள் மத்தியானம் திரையின் முன்னால் இரண்டு பேரும் உட்கார்ந்திருந்தார்கள். புள்ளிகள் வந்தன. மடிப்பு முன்பு இருந்த இடம் வந்தது. கோடு மடியவில்லை. ஃபெமினா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பாபநாசத்துக்குக் கும்பிடத் தோன்றியது. தன்னைக் கொடுத்த ஆற்றைத் தவிர வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை. இன்னும் கொஞ்சம் குளிர்ந்தது. அங்கே, முன்பைவிடக் கொஞ்சம் கீழே, கோடு மடிந்தது. சின்னதாக, ஆனால் சந்தேகத்துக்கு இடமில்லாமல் மடிந்தது. கொஞ்சம் அழுத்தம் இன்னும் மிச்சம் இருப்பதால் மடிப்பு கொஞ்சம் தள்ளி வந்திருக்கிறது, அவ்வளவுதான். படிகம் உயிரோடு இருந்தது.

ஃபெமினா அழுதாள். பாபநாசமும் அழுதார். ஆய்வகத்துக்காரர் தண்ணீர் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார்.

வரிசை கலைகிற அந்த அளவுக்கு இந்தப் பக்கமும் அளந்தாகிவிட்டது, அந்தப் பக்கமும் அளந்தாகிவிட்டது. பைய பையப் போயிருந்தால் கொடுத்த நாளுக்குள் அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்திருக்கவே முடியாது என்று ஃபெமினாவே பிறகு சொன்னாள். அந்தப் பெருமை தனக்குச் சேராது என்று பாபநாசத்துக்குத் தெரியும். ஒரே சொல்லுக்கு உவரியில் ஓர் அர்த்தமும் பேட்டையில் இன்னோர் அர்த்தமும் வைத்த திருநெல்வேலித் தமிழுக்குத்தான் சேரும்.

அழுது முடித்ததும் அவருக்கு இன்னொரு கேள்வி மிச்சம் இருந்தது. சொதிப் பாலைக் கேட்பதைவிட, வரிசை எதற்கு என்று கேட்பதைவிடக் கஷ்டமான கேள்வி. கேட்டால் பதில் வந்துவிடும் என்ற பயத்தில்தான் அவர் இத்தனை நாளும் யாரிடமும் எதையும் கேட்காமல் இருந்திருக்கிறார் என்று அந்த நாற்காலியில்தான் அவருக்கு விளங்கியது.

“என் மேல கோவமா?” என்று கேட்டார்.

பரவாயில்லை சார் என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தார். ஊரில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள்.

“ஆமா சார்,” என்றாள் ஃபெமினா. “நல்ல கோவம். ஒரு வாரம் கழிச்சுக் கேளுங்க.”

ஊருக்குத் திரும்பினார்கள். பாபநாசம் ஒரு வாரம் கழித்துச் சோதனைச் சாலைக்குப் போய், கோபமா என்று கேட்டார். உலைக்குப் பக்கத்தில் நின்றவள் திரும்பிப் பார்க்காமல், இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றாள். சரி என்று தலையாட்டப் போனவர், தலையை நிறுத்திக்கொண்டு, அடுத்த வாரம் என்ன கிழமை வரட்டும் என்று கேட்டார்.